வீட்டுக்குப் பின்னால் கறுப்புக் கரடி வருகிறது, என்ன செய்யலாம்?

கேட்டவர் எடிசனில் வாடகைக்கு இருந்துவிட்டு, இப்போது வடக்கு நியூ ஜெர்சியில் ஸ்பார்ட்டா பக்கம் சொந்த வீடு வாங்கிக் குடிவந்திருக்கிறார். வந்த கொஞ்ச நாளிலேயே காலையில் டெக்கில், அதாவது வீட்டை ஒட்டிய மரத்தளத்தில், நின்று பார்த்தால் கீழே ஒரு கரடி குப்பைத்தொட்டியை உருட்டிக்கொண்டிருந்ததாம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர், ஒரு நாய், ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருக்கும் அம்மா. யாரைக் கூப்பிட்டால் பிடித்துக்கொண்டு போவார்கள், மிளகாய்த்தூள் தூவினால் வராதா, துப்பாக்கி ஏதும் வாங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: துப்பாக்கி வேண்டாம். உங்கள் பிரச்சினையில் முக்கால்வாசி அந்தக் குப்பைத்தொட்டியில்தான் இருக்கிறது.

பயத்தைக் கொஞ்சம் அளந்துகொள்வோம். வட அமெரிக்காவில் கறுப்புக் கரடிகள் ஆறு லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. 1900 முதல் 2009 வரை, அதாவது 110 ஆண்டுகளில், காட்டில் திரியும் கறுப்புக் கரடிகள் கொன்ற மனிதர்கள் 63 பேர். நியூ ஜெர்சியில் பதிவான முதல் மரணம் 2014 செப்டம்பரில்தான் நடந்தது, அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். இதற்காகக் கரடியைப் பெரிய நாய் மாதிரி நினைத்துவிடக் கூடாது. வளர்ந்த ஆண் கரடி இந்த மாநிலத்தில் சராசரியாக 400 பவுண்டு இருக்கும், பெண் அதில் பாதிக்குச் சற்றுக் குறைவு, தேவைப்பட்டால் மணிக்கு 30 மைலுக்கு மேல் ஓடும், மரமும் சரசரவென ஏறும். ஆனால் உங்கள் வீட்டுக்கு அது மனிதரைத் தேடி வரவில்லை, சாப்பாட்டைத் தேடி வருகிறது.

பிடித்துக்கொண்டு போவது பற்றி. எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான், பெரும்பாலும் நடக்காததும் இதுதான். நியூ ஜெர்சியின் 21 கவுண்டிகளிலும் (நம்மூர் மாவட்டம் மாதிரி) கரடியைப் பார்த்திருக்கிறார்கள், நாட்டிலேயே மக்கள் நெருக்கம் அதிகமான மாநிலம் இது, எங்கே கொண்டுபோய் விடுவது? விட்டாலும் பல கரடிகள் நெடுந்தூரம் நடந்து பழைய இடத்துக்கே திரும்பிவிடும், திரும்பாதது புதிய ஊரில் அதே குப்பைத்தொட்டியைத் திறக்கும். இங்கே உங்கள் தொட்டி அப்படியே இருந்தால் அடுத்த கரடி வந்து உட்காரும். கலிஃபோர்னியாவில் லேக் டாஹோ பக்கம் 2022-ல் ஒரு குண்டுக் கரடி வீடு வீடாகப் புகுந்து சாப்பிடுகிறது என்று பெரிய பரபரப்பு, அதற்குச் செல்லப்பெயரெல்லாம் வைத்தார்கள். மரபணுச் சோதனை செய்து பார்த்தால் அது ஒரு கரடி இல்லை, குறைந்தது மூன்று. அதில் ஒன்றை 2023 ஆகஸ்டில் பிடித்தார்கள், மூன்று குட்டிகளோடு இருந்த தாய்க் கரடி, 20-க்கும் மேற்பட்ட வீடுகளில் புகுந்த கணக்கு அதன்மேல் இருந்தது. கொலராடோவில் ஒரு சரணாலயத்துக்கு அனுப்பினார்கள். அது அதிர்ஷ்டசாலி. வீட்டுக்குள் புகப் பழகிய கரடியை நியூ ஜெர்சியில் ஆபத்தான கரடி என்று வகைப்படுத்திக் கொன்றுவிடுவார்கள். குப்பையை வெளியே வைப்பதால் கரடிக்கு நாம் செய்வது தருமம் இல்லை.

அது ஏன் உங்கள் தொட்டிக்கு வருகிறது என்பதற்குக் கணக்கு ரொம்ப எளிது. இலையுதிர் காலத்தில் குளிர்கால உறக்கத்துக்குக் கொழுப்புச் சேர்க்க ஒரு கரடி நாளொன்றுக்கு 20,000 கலோரி வரை சாப்பிடப் பார்க்கும். காட்டில் அதற்கு ஓக் கொட்டை, ஹிக்கரி கொட்டை, பழம், எறும்பு என்று நாள் முழுவதும் பொறுக்க வேண்டும். பறவைகளுக்குத் தீனி போட்டுத் தொங்கவிடும் பேர்ட் ஃபீடர் ஒன்றில் 7 பவுண்டு சூரியகாந்தி விதை நிரப்பினால் அதில் சுமார் 12,000 கலோரி இருக்கிறது, ஐந்து நிமிட வேலை. ஒரு மைலுக்கு அப்பால் இருந்தே மோப்பம் பிடிக்கிற மூக்கு வேறு. ஓக் மரங்கள் சரியாகக் காய்க்காத ஆண்டில் தெருக்களில் கரடித் தொல்லை கூடுவதும் இதனால்தான்.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். குப்பையை எடுக்க வண்டி வருகிற அன்று காலையில்தான் தெருவோரம் வைக்க வேண்டும், முந்தின நாள் ராத்திரி அல்ல. மற்ற நாட்களில் தொட்டி கராஜுக்குள், கராஜ் கதவு மூடி. பஞ்சி என்கிற ரப்பர்க் கயிறு போட்டு மூடியைக் கட்டினால் போதும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார், நம்ப வேண்டாம். கரடி மூடியோடு மல்லுக்கட்டாது. தொட்டியைச் சாய்த்துப் போட்டு, முன்னங்கால் இரண்டையும் மேலே வைத்து உடம்பு எடையை இறக்கும், பக்கவாட்டுப் பிளாஸ்டிக் நெளிந்ததும் மூடி தானே பிளந்துகொள்ளும். பிறகு பையை இழுத்துக்கொண்டு மர நிழலுக்குப் போய் நிதானமாக உட்கார்ந்து பிரிக்கும்.

கரடி திறக்க முடியாத தொட்டிகள் கடையில் கிடைக்கின்றன. அவற்றைச் சோதிக்கும் விதம் எனக்குப் பிடிக்கும்: மொன்டானாவில் வெஸ்ட் யெல்லோஸ்டோனில் இருக்கும் ஒரு மையத்தில், தொட்டிக்குள் தின்பண்டம் வைத்து நிஜக் கரடிகளிடமே விட்டுவிடுகிறார்கள், ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்தால் சான்றிதழ். விலை சாதாரணத் தொட்டியைவிடப் பல மடங்கு. ஆனால் பயன் உண்டு. கொலராடோவின் டுராங்கோ நகரத்தில் சில பகுதிகளுக்கு இந்த மாதிரித் தொட்டி கொடுத்து, சில பகுதிகளைப் பழையபடி விட்டு, ஆராய்ச்சியாளர்கள் சில ஆண்டுகள் கவனித்தார்கள். தொட்டி கொடுத்த இடங்களில் குப்பைத் தொல்லை சுமார் 60 சதவீதம் குறைவாக இருந்தது, அதுவும் எல்லோரும் ஒழுங்காகப் பூட்டாதபோதே.

இங்கிருக்கும் அறிவுரைத் தாள்களில் நம் வீட்டுச் சமாச்சாரங்கள் இருக்காது, அதனால் நான் சொல்லிவிடுகிறேன். மீன், கோழி கழுவிய கழிவு, எலும்பு, இறால் தோல் எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி ஃப்ரீசரில் போட்டு வையுங்கள், குப்பை எடுக்கும் காலையில் தொட்டியில் போடுங்கள். முகம் சுளிக்க வேண்டாம், ஒரு வாரம் வெயிலில் ஊறும் மீன் செதில் வாசத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. நெய் பாட்டில், எண்ணெய் டின், பால் கேன் எல்லாம் மறுசுழற்சித் தொட்டிக்குப் போவதால் அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை, கரடிக்கு நீலத் தொட்டி கறுப்புத் தொட்டி வித்தியாசம் கிடையாது, கழுவிப் போடுங்கள்.

அப்புறம் டெக்கில் அடுப்பு. வீட்டுக்குள் வாசம் தங்கிவிடும் என்று வெளியே ஒரு கேஸ் அடுப்பு வைத்து மீன் பொரிப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்! தப்பில்லை, பொரியுங்கள். ஆனால் பொரித்த எண்ணெயைச் சட்டியோடு டெக்கில் ஆற விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள், தரையில் தெறித்ததைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அடுப்பையும் சட்டியையும் உள்ளே எடுத்து வையுங்கள். கிரில் என்றால் சமைத்து முடித்ததும் பத்து நிமிடம் பெருந்தீயில் எரியவிட்டு, கம்பியைச் சுரண்டி, கொழுப்பு வடியும் தட்டைக் காலி செய்ய வேண்டும். பெரும்பாலானோர் கம்பியைத் தேய்ப்பார்கள், அந்தத் தட்டை மறந்துவிடுவார்கள். கரடி நேராக அதற்குத்தான் போகும்.

அம்மா வந்திருக்கிறார் என்றால் வடகம், வற்றல் காயப்போடாமல் இருக்க மாட்டார். கரடி ராத்திரியில் மட்டும்தான் வரும் என்பது தப்பான நினைப்பு, பட்டப்பகலிலும் வரும். ஆள் பக்கத்தில் இருக்கும்போது காயட்டும், உள்ளே போனால் தட்டும் உள்ளே போகட்டும். அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைப்பதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனமில்லை. சின்ன உருண்டையாக வைத்து, காக்கை தின்றதும், தின்னாவிட்டால் அரை மணியில், இலையோடு எடுத்துவிடச் சொல்லுங்கள். தினமும் மிச்சச் சோற்றைக் கொல்லையில் கொட்டுவது வேறு விஷயம், அது கூடவே கூடாது. நியூ ஜெர்சியில் கரடிக்கு உணவு போடுவது சட்டவிரோதம், 1,000 டாலர் வரை அபராதம் உண்டு. காய்கறித் தோட்டத்துக்குக் கம்போஸ்ட் போடுகிறீர்கள் என்றால் இலை, புல், காபித்தூள் சக்கை சரி. மாம்பழத் தோல், பலாச்சுளை மிச்சம், சோறு, எண்ணெய்ப் பண்டம் வேண்டாம்.

பேர்ட் ஃபீடரை டிசம்பர் முதல் மார்ச் வரை தொங்கவிடுங்கள், மற்ற மாதங்களில் கழற்றிவிடுங்கள். பறவைகளுக்கு வெயில் காலத்தில் காட்டிலேயே தீனி இருக்கிறது. நாய்த் தட்டு உள்ளே. கோழி வளர்ப்பது, தேனீப் பெட்டி வைப்பது போன்ற ஆசைகள் வந்தால் மின்வேலி போட்டுவிட்டு ஆரம்பியுங்கள், 5,000 வோல்ட்டுக்குக் குறையாமல். கரடியின் உடம்பில் அடர்ந்த முடி இருப்பதால் உரசினால் அதற்கு உறைக்காது. அதனால் கம்பியில் அங்கங்கே கொஞ்சம் வேர்க்கடலை வெண்ணெய் தடவி வைப்பார்கள், ஈரமூக்கால் முகர்ந்து அடி வாங்கினால் பிறகு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது.

மிளகாய்த்தூள் வேலைக்கு ஆகாது, ஒரு மழைக்குக் கரைந்துவிடும். மிளகாய்ச் சத்து அடைத்த கரடி ஸ்பிரே என்று ஒன்று உண்டு, அது நேரில் பாயும் கரடியின் கண்ணிலும் மூக்கிலும் அடிப்பதற்கு, 25, 30 அடி தூரத்தில். கொசு மருந்து மாதிரி கூடாரத்திலும் டெக்கிலும் முன்கூட்டியே தெளிப்பவர்கள் இருக்கிறார்கள், காய்ந்த மிச்சத்தின் வாசம் கரடியை வரவழைக்கத்தான் செய்யும். இன்னொரு சிக்கல்: நியூ ஜெர்சி சட்டப்படி சாதாரண ஆள் வைத்துக்கொள்ளக்கூடிய பெப்பர் ஸ்பிரே முக்கால் அவுன்ஸ்தான், கரடி ஸ்பிரே டப்பா அதைவிடப் பல மடங்கு பெரியது. ஆகவே ஆன்லைனில் பார்த்ததும் வாங்கிவிடாதீர்கள். வீட்டில் வைக்க, அழுத்தினால் பெருஞ்சத்தம் போடும் ஓர் ஏர் ஹார்ன் போதும். அதுவும் இல்லையா, எவர்சில்வர் தாம்பாளமும் கரண்டியும் இருக்கிறதே.

கதவு, கார் இரண்டையும் ஒரு பார்வை பாருங்கள். கீழே அழுத்தித் திறக்கும் நீளக் கைப்பிடிகளைக் கரடி எளிதாகத் திறந்துவிடும், உருண்டைக் குமிழ் அதற்குக் கஷ்டம். கார்க் கதவுக் கைப்பிடியையும் இழுக்கத் தெரியும். பிள்ளைகளின் சீட்டுக்கு அடியில் கிடக்கும் முறுக்குத் துண்டுக்காக உள்ளே ஏறிவிட்டு, கதவு தானாக மூடிக்கொண்டால், வெளியே வர வழி தெரியாமல் சீட்டு, கூரை, டேஷ்போர்டு எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிடும். பூட்டிவிட்டு வாருங்கள், உள்ளே தின்பண்டம் வேண்டாம். டெக்குக்கு அடியில் திறந்த இடம் இருந்தால் குளிர்காலத்துக்கு முன்பே கெட்டியான கம்பிவலை அடித்துவிடுங்கள். அடைப்பதற்கு முன் உள்ளே யாரும் குடியிருக்கவில்லை என்று டார்ச் அடித்துப் பார்க்கவும். ஜனவரியில் அங்கே ஒரு தாய்க் கரடி குட்டி போட்டிருந்தால் நீங்களாக எதுவும் செய்ய வேண்டாம், வனவிலங்குத் துறைக்குச் சொல்லுங்கள்.

சரி, இவ்வளவும் செய்தும் எதிரில் வந்து நிற்கிறது. என்ன செய்வது?

நீங்கள் வீட்டுக்குள்ளும் அது கொல்லையிலும் இருந்தால் உள்ளேயே இருந்து சத்தம் போடுங்கள். அது போவதற்கு ஒரு வழி திறந்திருக்க வேண்டும், அதுதான் முக்கியம். மரத்தில் ஏறிவிட்டால் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது, எல்லோரும் உள்ளே போய்விட்டால் அதுவாக இறங்கிப் போய்விடும். வீடியோ எடுக்க இறங்கும் பெரியவர்களைத் தடுப்பது பிள்ளைகளைத் தடுப்பதைவிடக் கஷ்டம் என்பது என் அபிப்பிராயம்.

வெளியில், கொஞ்ச தூரத்தில் பார்த்தால், ஓடாதீர்கள். குழந்தையைத் தூக்கிக்கொள்ளுங்கள், கூட இருப்பவர்கள் ஒன்றாகச் சேர்ந்து நில்லுங்கள், கையை உயர்த்தி உங்களைப் பெரிதாகக் காட்டி, உறுதியான குரலில் பேசிக்கொண்டே பின்வாங்குங்கள், தமிழிலேயே பேசலாம். அது பின்னங்காலில் எழுந்து நின்றால் பாயப்போகிறது என்று அர்த்தமில்லை, நீங்கள் யார் என்று பார்க்கிறது, முகர்கிறது. மூச்சை உஸ் உஸ்ஸென்று விடுவது, பல்லைக் கடகடவென்று அடிப்பது, தரையை அறைவது, நாலடி பாய்ந்து வந்து சடாரென்று நிற்பது, இதெல்லாம் பயந்த கரடியின் மிரட்டல், விலகிப் போ என்கிறது. குட்டியோடு இருக்கும் தாயும் பெரும்பாலும் இப்படித்தான், குட்டிகளை மரத்தில் ஏற்றிவிட்டுக் கீழே நின்று மிரட்டும்.

நான் உண்மையில் கவலைப்படுவது சத்தமே போடாத கரடியைப் பற்றி. காதை நிமிர்த்தி, கண்ணை எடுக்காமல், மெல்ல உங்கள் பின்னாலேயே வருகிறது, கத்தினாலும் போக மாட்டேன் என்கிறது என்றால், அதன் நோக்கம் வேறு. உயிர்போன சம்பவங்களில் பெரும்பாலானவை இப்படித் தனி ஆண் கரடி இரையாக நினைத்துத் தொடர்ந்தவையே, குட்டியைக் காக்கும் தாய் செய்தவை அல்ல. 2014-ல் வெஸ்ட் மில்ஃபோர்டில் அப்ஷாவா காட்டுப் பாதையில் ஐந்து நண்பர்கள் நடந்துபோனார்கள். கரடியைப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், அது பின்தொடர ஆரம்பித்ததும் பயந்து ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். ஒருவர் திரும்பி வரவில்லை. அந்த இடத்தில் நாமாக இருந்தாலும் கால் ஓடத்தான் பார்க்கும், அதனால்தான் பிள்ளைகளிடம் இதை வீட்டிலேயே சொல்லிப் பழக்க வேண்டும்: ஓடாதே, பிரியாதே, கத்து. அப்படித் தொடரும் கரடியிடம் கல், கட்டை, பை, எது கிடைக்கிறதோ எறியுங்கள். மேலே விழுந்தால் செத்த மாதிரி படுப்பது கிரிஸ்லி என்கிற பழுப்புக் கரடிக்குச் சொல்லும் யோசனை, கறுப்புக் கரடியிடம் அது கூடாது. மூக்கையும் கண்ணையும் குறிவைத்து, விடாமல் அடிக்க வேண்டும்.

உங்கள் நாய்தான் எனக்கு அடுத்த கவலை. கறுப்புக் கரடி மனிதரைக் காயப்படுத்திய சம்பவங்களை எடுத்துப் பார்த்தால் பெரும்பங்கில் நடுவில் ஒரு நாய் இருக்கும். நாய் குரைத்துக்கொண்டு ஓடும், கரடி திருப்பி அடிக்க வரும், நாய் பயந்து எஜமானரின் காலடிக்கே ஓடிவரும், பின்னால் கரடியும். ராத்திரி நாயை வெளியே விடுவதற்கு முன் விளக்கைப் போடுங்கள், கதவைத் தட்டிச் சத்தம் எழுப்புங்கள், ஒரு நிமிடம் பொறுத்து, கயிற்றோடு கூட்டிப்போங்கள்.

அம்மாவுக்கு ஒரு விளக்கம் தனியாகத் தேவைப்படும். கோத்தகிரி, குன்னூர் பக்கம் டீக்கடையிலும் கோயிலிலும் புகுந்து எண்ணெய் குடிக்கிற கரடியைப் பற்றித்தான் அவர் செய்தியில் பார்த்திருப்பார். அது வேறு இனம், புலியோடு ஒரே காட்டில் வாழ்ந்து வளர்ந்தது, திடீரென்று கிட்டத்தில் ஆளைப் பார்த்தால் ஓடுவதைவிட முகத்தில் பாய்வதே அதிகம். இங்கத்திய கறுப்புக் கரடி ஆபத்து என்றால் மரமேறித் தப்பிக்கப் பார்க்கும் ஜாதி. அதனால் அவர் நாள் முழுக்க உள்ளேயே அடைந்து கிடக்க வேண்டியதில்லை. ஆனால் இங்கே தட்டைத் தட்டி விரட்டிய தைரியத்தை ஊருக்குப் போய் நீலகிரித் தேயிலைத் தோட்டத்தில் காட்ட வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள்.

எந்த மாதத்தில் என்ன எதிர்பார்க்கலாம் என்பதையும் சுருக்கமாகச் சொல்கிறேன். மார்ச், ஏப்ரலில் குகையைவிட்டுப் பசியோடு வரும். ஜூனில், தாய் இரண்டாம் வருடக் குட்டிகளைத் துரத்திவிடுவதால், எங்கே போவதென்று தெரியாத இளங்கரடிகள் ஊருக்குள் சுற்றும், ஃபேஸ்புக் குழுவில் வரும் படங்களில் பாதி அவைதான். செப்டம்பர் முதல் நவம்பர் வரை முன்னே சொன்ன பெரும்பசி. குளிரில் குறையும், முழுக்க நிற்காது. தொடர்ந்து தீனி கிடைக்கும் இடத்தில் சில கரடிகள் ஜனவரியிலும் நடமாடும்.

இவ்வளவையும் நீங்கள் மட்டும் செய்தால் கரடி உங்கள் வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போகும், போகிற வழி உங்கள் கொல்லை. ஆகவே அக்கம்பக்கத்தில் பேசியே ஆக வேண்டும். புகாராக ஆரம்பிக்காமல், எங்கள் தொட்டியை நேற்றுக் கரடி உருட்டியது, உங்கள் பக்கமும் வந்ததா என்று கேளுங்கள், பேச்சு தானாக ஃபீடருக்கும் குப்பைக்கும் வந்துவிடும். குடியிருப்போர் சங்கம் இருந்தால் குப்பை நிறுவனத்திடம் கரடித் தொட்டி கேட்கச் சொல்லுங்கள், மொத்தமாகக் கேட்டால் விலை பேசலாம். உடனடி ஆபத்து என்றால் 911. தொட்டியை உடைத்தது, அடிக்கடி வருகிறது, விரட்டினாலும் போவதில்லை என்றால் மாநிலச் சுற்றுச்சூழல் துறையின் 1-877-927-6337, எந்நேரமும் எடுப்பார்கள். வந்து பார்த்து, தேவையானால் ரப்பர் குண்டும் வெடியும் நாயும் வைத்து அதை மிரட்டி விரட்டுவார்கள். முதலில் உங்கள் தொட்டி எங்கே வைத்திருக்கிறீர்கள் என்றுதான் கேட்பார்கள், அதற்குள் அதைக் கராஜுக்குள் நகர்த்திவிடுங்கள்.